12 வோல்ட்டில் நல்ல காற்று: பேட்டரியை மட்டும் நம்பியிருக்கும் குடிலுக்கு நாமே செய்யும் ஃபேன்கள்

சோலார் பேனலும் பேட்டரியும் மட்டுமே உள்ள ஒரு சிறு குடிலுக்கு ஃபேன் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மோட்டார் போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்ய வேண்டும். காற்று எதற்கு? உடம்பில் படவா, உள்ளே தேங்கிய சூட்டை வெளியே தள்ளவா? இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒரே ஃபேனை வைத்து இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும்.

ஃபேன் அறையைக் குளிரவைப்பதில்லை. அது இழுக்கும் வாட் முழுவதும் கடைசியில் அதே அறையில் சூடாகத்தான் சேருகிறது. ஆனால் தோலை ஒட்டி நிற்கும் சூடான காற்றுப் படலத்தை அது கலைத்துவிடும், வியர்வையைச் சீக்கிரம் ஆவியாக்கும். வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று உடம்பில் பட்டால், அறையின் சூடு சுமார் 3 டிகிரி குறைந்தது போல இருக்கும். படுத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் காற்றைப் பக்கத்திலிருந்து கொடுக்க 2 அல்லது 3 வாட் போதும். இதே உணர்வை அறை முழுவதும் கொண்டுவர வேண்டுமென்றால் பத்து மடங்கு ஆகும். பேட்டரியில் வாழ்கிறவர்களுக்கு எல்லாக் கணக்கும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: முதலில் ஆளுக்குக் காற்று, அப்புறம் அறைக்கு.

ஓர் எல்லையும் உண்டு. காற்றின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் அது தோலை விடச் சூடாகிவிடுகிறது. அதற்கு மேல் ஃபேன் காற்று உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டுவரும். வியர்வை ஆவியாவது ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றும். 40 டிகிரியில் ஃபேனை மட்டும் நம்பிக் குழந்தைகளையோ வயதானவர்களையோ உள்ளே வைத்திருக்கக் கூடாது. ஈரத்துணி, குடிநீர், நிழல் மூன்றும் கூடவே வேண்டும்.

படுக்கையோர ஃபேன்

இதற்கு நான் எப்போதும் சொல்வது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் 140 மி.மீ. அல்லது 120 மி.மீ. ஃபேன். பிரஷ் (உரசி மின்சாரம் தரும் கரித்துண்டு) இல்லாத மோட்டார், 12 வோல்ட், 0.15 முதல் 0.3 ஆம்பியர் வரை. ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடுவதற்கென்றே செய்தது. கிடைத்தால் 140 மி.மீ. எடுங்கள். காரணம், ஃபேன் விதி. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் காற்றைத் தள்ளத் தேவையான திறன் எட்டில் ஒன்றாகிவிடும். சின்ன ஃபேன் ஒன்று தலைதெறிக்க ஓடித் தரும் காற்றை, பெரிய ஃபேன்கள் இரண்டு நிதானமாகச் சுற்றித் தந்தால் பேட்டரியும் மிஞ்சும், காதும் பிழைக்கும். மோட்டாருக்குள் நடக்கும் இழப்பால் நிஜத்தில் எட்டில் ஒன்று வராது. 12 வோல்ட்டில் 3 வாட் இழுக்கும் ஃபேனை 7 வோல்ட்டில் ஓட்டினால் ஏறக்குறைய 1 வாட்தான் இழுக்கும், காற்று பாதிக்கு மேலேயே இருக்கும்.

தேவையானவை: 140 மி.மீ. ஃபேன் 2, அவற்றுக்கான கம்பி கார்டு 4, 9 மி.மீ. பிளைவுட் 36 செ.மீ.க்கு 18 செ.மீ. அளவில் ஒரு துண்டு, எம்4 போல்ட் 25 மி.மீ. நீளத்தில் 8, நட்டு, வாஷர், 2 மி.மீ. ரப்பர் ஷீட் கொஞ்சம், வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் போர்டு ஒன்று (எல்எம் 2596 சிப் உள்ளது போதும்), 1 ஆம்பியர் ஃபியூஸும் அதன் ஹோல்டரும், ஒரு ஸ்விட்ச், 0.75 சதுர மி.மீ. இரட்டை வயர்.

பிளைவுட்டில் இரண்டு வட்டம் வெட்ட வேண்டும். 140 மி.மீ. ஃபேனுக்கு வட்டத்தின் விட்டம் 134 மி.மீ. அளவில் இருக்கட்டும். சிறியதாகப் போனால் இறக்கையின் நுனி மரவிளிம்பைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஊதல் சத்தம் வரும்; இரவில் அது தூங்கவிடாது. போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடு வரை 124.5 மி.மீ. (120 மி.மீ. ஃபேனுக்கு 105 மி.மீ.). காற்று உள்ளே வரும் பக்கத்து விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, சத்தம் குறைவது காதுக்கே தெரியும்.

ஃபேனை மாட்டும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. 25 மி.மீ. தடிமனுள்ள ஃபேனின் இரண்டு விளிம்புகளையும் துளைத்து நீளமான போல்ட்டைப் போட்டு இறுக்குவார்கள். நடுவில் தாங்கல் இல்லாத பிளாஸ்டிக் மூலை வளையும், வட்டச் சட்டம் லேசாக நசுங்கும், இறக்கை ஓரிடத்தில் உரசும். மரத்தை ஒட்டிய விளிம்பை மட்டும் போல்ட் பிடித்தால் போதும். இடையில் ரப்பர் துண்டு வைத்து, நட்டை விரலால் திருகி, அதற்கு மேல் ஸ்பேனரில் அரைச்சுற்று. ரப்பர் பிதுங்கினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

காற்று எந்தப் பக்கம் வரும் என்று சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். கார்டு இரண்டு பக்கமும் வேண்டும், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் இடத்தில். உள்ளிழுக்கும் பக்கத்துக் கார்டு இறக்கைக்கு மிக நெருக்கமாக இருந்தால் இரைச்சல் கூடும். ஒரு விரல் தடிமன் தள்ளி வையுங்கள்.

இரண்டு ஃபேனையும் பக்கம் பக்கமாக வைக்கிறோம், ஒன்றன் பின் ஒன்றாக அல்ல. பின்னால் அடுக்கினால் அழுத்தம் கூடுமே தவிர, திறந்த அறையில் காற்று கூடாது. ஒரே மாதிரி ஃபேன் இரண்டு ஓடும்போது சில நேரம் "வூம்... வூம்..." என்று ஏறி இறங்கும் ஓசை வரும். இரண்டின் வேகமும் மயிரிழை வித்தியாசத்தில் இருப்பதுதான் காரணம். ஒன்றின் சிவப்பு வயரில் ஒரு சாதா டயோடைத் தொடராகச் சேருங்கள். 0.7 வோல்ட் அளவு குறைந்து வேகங்கள் நன்றாக விலகிவிடும், அந்த ஓசையும் போய்விடும்.

வயர் நிறம்: கருப்பு நெகட்டிவ், சிவப்பு பாசிட்டிவ். மூன்றாவதாக மஞ்சள் இருந்தால் அது சுற்று எண்ணும் வயர், வெட்டி டேப் ஒட்டி விட்டுவிடலாம். நான்கு வயர் உள்ளவற்றில் பெரும்பாலும் மஞ்சள்தான் 12 வோல்ட் பாசிட்டிவ், பச்சை சுற்று எண்ணுவது, நீலம் வேகக் கட்டுப்பாடு. நிறத்தை மட்டும் நம்பாமல், ஸ்டிக்கரிலோ கனெக்டரின் ஊசி (பின்) வரிசையிலோ சரிபார்த்துவிட்டு இணையுங்கள்.

வேகத்தைக் குறைப்பது எப்படி

பேட்டரி "12 வோல்ட்" என்பது பெயருக்குத்தான். லெட்-ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட். சார்ஜ் ஏறும்போது 14.4, ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்தும் கூடுதல் சார்ஜ்) செய்யும்போது 15க்கும் மேல். நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஓய்வில் 13.3, சார்ஜில் 14.4 அளவில் இருக்கும். பல கம்ப்யூட்டர் ஃபேன்களின் மேல் எல்லை 13.8 வோல்ட்தான். நேரடியாகக் கொடுத்தால் உச்சி வெயிலில், பேனல் முழு வீச்சில் தரும்போது, ஃபேனுக்குள் இருக்கும் சிப் தினமும் வறுபடும். பக் கன்வெர்ட்டர் வைப்பதற்கு வேகக் குறைப்பு பாதிக் காரணம் என்றால், இந்தப் பாதுகாப்பு மீதிப் பாதி.

எல்எம் 2596 போர்டில் நீலநிறச் சிறு பெட்டி ஒன்று, அதன் தலையில் பித்தளைத் திருகு. அது பல சுற்றுத் திருகு. புதிதாக வாங்கிய போர்டில் பலமுறை, உள்ளே போகும் வோல்ட் அப்படியே வெளியே வந்துகொண்டிருக்கும். ஃபேனை மாட்டாமல், வெளிமுனையில் மல்டிமீட்டரை வைத்து, திருகை இடப்பக்கமாகச் சுற்றுங்கள். பத்துச் சுற்று வரை ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். போர்டு கெட்டது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். இன்னும் சுற்றினால் சட்டென்று இறங்கத் தொடங்கும். 8 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

அடுத்த சோதனையைத் தவறவிடாதீர்கள். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க 4 வோல்ட் போதும் என்றாலும், நின்ற நிலையிலிருந்து கிளம்ப அதற்கு மேல் வேண்டியிருக்கும். ஒரு மாதிரிக்கு 5 என்றால் இன்னொன்றுக்கு 6. வோல்ட்டைக் கீழே இறக்கி வைத்து, ஸ்விட்சை அணைத்து, இறக்கை முழுவதும் நின்றபின் மறுபடி போட்டுப் பாருங்கள். எந்த வோல்ட்டில் ஒவ்வொரு முறையும் தவறாமல் கிளம்புகிறதோ, அதற்கு 1 வோல்ட் மேலே வையுங்கள். தூசியும் குளிரும் பேரிங்கை இறுக்கும்போது அந்த 1 வோல்ட் கைகொடுக்கும்.

டிசி மோட்டாருக்கென்று விற்கும் பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியை இந்த ஃபேனுக்குப் போடாதீர்கள். அது மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித் தரும். பிரஷ் மோட்டார் அதைத் தாங்கும். பிரஷ் இல்லாத ஃபேனுக்குள் இருக்கும் சிப்போ, ஒவ்வொரு வெட்டிலும் முதலிலிருந்து தொடங்கப் பார்க்கும். டிக்டிக் சத்தம், நடுக்கம், சில வாரத்தில் மரணம். நான்கு வயர் ஃபேன் மட்டும் விதிவிலக்கு. அதன் நீல வயருக்கு 25 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுக்கலாம். 12 வோல்ட் சப்ளை வெட்டுப்படாமல் தனியாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

8 வோல்ட்டில் இந்த இரட்டை ஃபேன், கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 3 வாட் சுமாருக்கு இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு 30 வாட்-அவர், அதாவது 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர்-அவர். 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுப்போம் என்று வைத்துக்கொண்டாலும், இது அதில் இருபதில் ஒரு பங்கு. தலைமாட்டில் வைக்காமல் இடுப்புக்கு நேராக, 60 முதல் 100 செ.மீ. தூரத்தில், நெஞ்சும் கையும் காற்றில் படும்படி வையுங்கள். கொசுவலை கட்டுகிறவர்கள் ஃபேனை வலைக்கு உள்ளேயே வைக்க வேண்டும். இவ்வளவு மெல்லிய காற்றில் பெரும்பகுதியை வலை தின்றுவிடும்.

வயர், ஃபியூஸ்

12 வோல்ட்டில் அரை வோல்ட் தொலைவது சின்ன விஷயமல்ல. 1.5 சதுர மி.மீ. செப்பு வயரின் தடை மீட்டருக்கு 0.0115 ஓம். பேட்டரியிலிருந்து ஃபேன் 5 மீட்டரில் இருந்தால் போக வர 10 மீட்டர், 0.115 ஓம். 3 ஆம்பியர் போனால் 0.35 வோல்ட் விழும், பொறுத்துக்கொள்ளலாம். அதே தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. வயர் என்றால் விழுவது 1 வோல்ட். படுக்கையோர ஃபேன் கால் ஆம்பியர்தான் என்பதால் 0.75 தாராளம். பெரிய மோட்டாருக்கு 2.5க்குக் கீழே போகாதீர்கள்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபேன் பக்கத்தில் வைத்த ஃபியூஸ், நடுவழியில் எலி கடித்து வயர் ஷார்ட் ஆனால் எதற்கும் உதவாது. 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும் என்பதும் உண்மை. மெல்லிய வயர் சில நொடியில் சிவந்து, மரக்குடிலில் தீ பிடிக்கும். வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல் லக் (வயர் முனைக்கான உலோகக் காது) போட்டு நசுக்குங்கள், அல்லது திருகு கனெக்டர் வையுங்கள்.

வீட்டு ஏசி ஸ்விட்ச் கால் ஆம்பியர் ஃபேனுக்குப் பிரச்சினை தராது. 10 ஆம்பியர் மோட்டாருக்கு டிசி என்று குறித்த ஸ்விட்சே வேண்டும். ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால் ஸ்விட்சில் எழும் பொறி தானே அணையும். டிசியில் அப்படி ஒரு ஓய்வு கிடையாது.

சூட்டை வெளியே தள்ளும் ஃபேன்

இங்கேதான் அதிக ஏமாற்றம். நாலுக்கு மூன்று மீட்டர், 2.5 மீட்டர் உயரம் உள்ள குடிலில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். 120 மி.மீ. ஃபேன் இரண்டைக் கூரை உச்சியில் வைத்தால், பூச்சி வலையையும் தாண்டி மணிக்கு 136 கன மீட்டர் அளவுக்கு வெளியேற்றும். மணிக்கு நான்கரை முறை காற்று மாறுகிறதே என்று மகிழலாம். ஆனால் உள்ளே வெளியே 5 டிகிரி வித்தியாசம் இருந்தால், அந்தக் காற்று சுமந்து செல்லும் சூடு 230 வாட்தான். வெயிலில் காயும் வெறும் தகரக் கூரையோ 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். 12 சதுர மீட்டர் கூரை உள்ளே இறக்கும் சூடு ஆயிரம் வாட்டுக்கு மேல். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அல்லது 10 செ.மீ. இடைவெளி விட்டு மேலே இன்னொரு நிழற்கூரை, அல்லது கீழே காப்புப் பலகை: இதில் ஒன்றைச் செய்துவிட்டு ஃபேன் வையுங்கள். அப்போது அதே இரண்டு ஃபேன் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெளியேற்றும் ஃபேனுக்குக் காற்று உள்ளே வரும் வழிதான் உயிர். கதவை மூடிவிட்டு ஃபேனைப் போட்டால் அது நின்ற இடத்தில் காற்றைக் கடையும். இந்த ஃபேன்கள் தரும் அழுத்தம் அதிகபட்சம் 1 முதல் 3 மி.மீ. நீர் உயரம்தான், எந்தத் தடையும் அதைச் சாய்த்துவிடும். இரண்டு 120 மி.மீ. ஃபேனுக்கு, வலை போட்ட வழி 30 செ.மீ.க்கு 30 செ.மீ.யாவது வேண்டும். அது தாழ்வாக, நிழல் பக்கத்தில், ஃபேனுக்கு எதிர்மூலையில் இருக்கட்டும். பக்கத்திலேயே வைத்தால் வந்த காற்று அப்படியே வெளியே போய்விடும், அறை அசையாது. ஃபேனின் வலையையும் முகத்தோடு ஒட்டி அடிக்காமல், வெளியே புடைத்த பெட்டி போலச் செய்து அதன் மேல் கட்டுங்கள். வலையின் பரப்பு ஃபேனின் பரப்பைப் போல நான்கு மடங்கு இருந்தால் இழப்பு தெரியாது.

எப்போது ஓட்டுவது? வெளிக்காற்று உள்ளே இருப்பதை விடக் குளிராக இருக்கும்போது மட்டும். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு தெர்மாமீட்டர் போதும். தடித்த மண்சுவர்க் குடிலில் பகலில் வெளிக்காற்றுதான் சூடு. அப்போது ஓட்டினால் சூட்டை உள்ளே இழுத்ததாகும். சூரியன் சாய்ந்ததும் தொடங்கி விடியும்வரை ஓட்டிச் சுவரைக் குளிரவைப்பதுதான் அங்கே சரி.

ஓர் எச்சரிக்கை. விறகடுப்போ கேஸ் ஹீட்டரோ எரியும்போது, போதிய வழி விடாமல் வெளியேற்றும் ஃபேனைப் போட்டால் புகைபோக்கி வழியே புகை உள்ளே திரும்பும். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. நெருப்பு எரியும்போது இந்த ஃபேன் அணைந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வையுங்கள்.

கூரை இடுக்கின் சூட்டைப் பகலில் மட்டும் வெளியேற்ற, பேட்டரியே இல்லாமல் பேனலிலிருந்து நேரே ஓட்டலாம். "12 வோல்ட்" பேனல் என்பது 36 செல். சுமை இல்லாமல் 22 வோல்ட் வரை தரும், சுமையில் 18. இதில் 12 வோல்ட் ஃபேனை மாட்டினால் முதல் நாளே போய்விடும். பக் கன்வெர்ட்டர் வைத்தாலும் விடியற்காலையில் சிக்கல்: வெயில் போதாதபோது கன்வெர்ட்டர் பேனலை மேலும் மேலும் இழுத்து வோல்ட்டைச் சரித்துவிடும், ஃபேன் துடித்துத் துடித்து நிற்கும். இதற்கு எளிய வழி, 24 வோல்ட் பிரஷ் இல்லாத ஃபேனை அப்படியே பேனலில் மாட்டுவது. 18 வோல்ட்டில் முக்கால் வேகத்தில் ஓடும், பேனல் எவ்வளவு தந்தாலும் அதன் எல்லையைத் தாண்டாது. ஃபேன் 4 வாட் என்றால் பேனல் 10 வாட் இருக்கட்டும்.

கார் ரேடியேட்டர் ஃபேன், ஐஸ் பெட்டி

பழைய கார் ரேடியேட்டர் ஃபேன் கைக்கு எளிதில் கிடைக்கும். தனியாக 12 வோல்ட்டில் போட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், விமானம் கிளம்புவது போல இரையும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் தொடராக இணையுங்கள். ஆளுக்கு 6 வோல்ட். ஒரு ஃபேன் முழு வேகத்தில் தரும் காற்றை இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்டத் தந்துவிடும், இழுப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பிரஷ் மோட்டாரில் மட்டுமே இந்த வித்தை. பிரஷ் இல்லாத ஃபேன்களைத் தொடராக மாட்டினால் வோல்ட் சமமாகப் பிரியாது. ஒன்று கிளம்பும், மற்றது முழிக்கும்.

சிறு மோட்டாரில் பழைய டேபிள் ஃபேன் இறக்கையைப் பொருத்துகிறவர்கள் ஆம்பியர் அளக்காமல் விடக் கூடாது. வேகமாகச் சுற்றப் பிறந்த மோட்டாருக்கு அகல இறக்கை பெரும் சுமை. அரைமணி நேரம் ஓடியபின் மோட்டாரின் உடலைத் தொடுங்கள். ஐந்து நொடி கை வைக்க முடியவில்லை என்றால் வோல்ட்டைக் குறையுங்கள், அல்லது சிறிய இறக்கை போடுங்கள்.

ஃபேனுக்கு முன்னால் ஐஸ் பெட்டி வைக்கும் யோசனை அடிக்கடி வரும். கணக்கு இதோ: 10 கிலோ ஐஸ் முழுவதும் உருக எடுக்கும் சூடு 0.93 கிலோவாட்-அவர். பத்து மணி நேரத்தில் உருகினால் 93 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் சூடே 100 வாட் அளவு இருக்கும். அந்த ஐஸை உண்டாக்க ஆன மின்சாரத்தையும் நினைத்தால் இதில் இறங்க மனம் வராது. ஈரத்திண்டு வழியே காற்றை இழுப்பது வேறு கதை: 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 0.67 கிலோவாட்-அவர் சூடு போகும். வறண்ட காற்றில் இது அருமையாக வேலை செய்யும். காற்றே ஈரமாக இருந்தால் புழுக்கம்தான் கூடும்.

கெட்டுப்போகும் இடங்கள்

ஃபேனை மேலே பார்த்தோ கீழே பார்த்தோ படுக்கவைத்து மாட்டினால் ஸ்லீவ் பேரிங் வேண்டாம். எண்ணெய் இறங்கி, சில மாதத்தில் கரகரக்கும். பால் பேரிங் எடுங்கள். நல்ல ஃபேன் திடீரென்று மெதுவானால் முதலில் ஓடும்போதே அதன் முனையில் வோல்ட்டை அளங்கள். கன்வெர்ட்டரின் வெளிமுனையில் 8, ஃபேனில் 6 என்றால் குற்றம் வயர் இணைப்பில். வோல்ட் சரியாக இருந்தும் மெதுவாக ஓடினால் இறக்கையைப் பாருங்கள்: முன்விளிம்பில் பஞ்சு போலத் தூசி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதுகுழலால் அடித்து இறக்கையைச் சுழலவிட்டால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி உள்ளே இருக்கும் சிப்பைக் கெடுக்கக்கூடும், பேரிங்கும் தேயும். பூச்சி வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈர வலையின் கண்களைத் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். இவ்வளவு மெல்லிய அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது.